டிரா செய்ய ஆள் வேண்டும்

1929ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ராம்ஸ்கேட்டில் ஒரு செஸ் போட்டி நடந்தது. ஒரு பக்கம் ஏழு ஆங்கிலேயர்கள், எதிர்ப்பக்கம் ஏழு வெளிநாட்டினர். இந்தப் பக்கத்தவர் ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்து எழுவரோடும் ஆளுக்கொரு ஆட்டம் ஆட வேண்டும். வெளிநாட்டு அணி லேசுப்பட்டதல்ல. இரண்டாண்டுகளுக்கு முன்பு உலகப் பட்டத்தை இழந்திருந்த கபாபிளாங்கா அதில் இருந்தார். அகிபா ரூபின்ஸ்டைன் இருந்தார். ஹங்கேரியின் கேசா மரோட்ஸி இருந்தார். அவர்களோடு மரோட்ஸியிடம் பாடம் கற்ற 23 வயது வேரா மென்சிக். போட்டி முடிந்தபோது கபாபிளாங்காவுக்கு ஐந்தரைப் புள்ளி. மென்சிக்குக்கும் ரூபின்ஸ்டைனுக்கும் ஐந்தைந்து. குருநாதர் மாணவிக்குப் பின்னால்தான் வந்தார்.

மென்சிக்குக்கு அந்த ஐந்து புள்ளி வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். 3 வெற்றி, 4 டிரா. தோல்வி கிடையாது.

இதன் பக்கத்தில் இன்னொரு கணக்கை வைத்துப் பார்க்கலாம். பெண்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப் 1927இல் லண்டனில் தொடங்கியது. 1939இல் புவனோஸ் அய்ரஸ் வரை ஏழு முறை நடந்தது. ஏழையும் வென்றவர் மென்சிக். ஏழு தொடர்களிலும் சேர்த்து அவர் ஆடியவை 83 ஆட்டங்கள்: 78 வெற்றி, 1 தோல்வி, 4 டிரா. ராம்ஸ்கேட்டில் ஏழே ஆட்டங்களில் கிடைத்த நான்கு டிராக்கள், பெண்கள் மத்தியில் கிடைக்க அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளும் 83 ஆட்டங்களும் ஆயின.

மென்சிக்கைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் அந்த 78ஐக் கண்டு வாய்பிளக்கிறார்கள். பிளக்க வேண்டியதுதான். ஆனால் அவருடைய வாழ்க்கையை நெருங்கிப் பார்க்க 78ஐ விட அந்த நான்கு உதவும். வெல்வதற்கு ஒருவர் வல்லவராக இருந்தால் போதும். டிராவுக்கு இருவர் தேவை. மென்சிக்கின் எதிரே உட்கார்ந்த பெண்களில் பெரும்பாலோருக்குப் பயிற்சியாளர் இல்லை, பெரிய போட்டிகளில் ஆடிய அனுபவம் இல்லை. ஆண்கள் நடத்திய செஸ் கழகங்கள் பலவற்றின் கதவு அவர்களுக்கு ஒருக்களித்தே திறந்திருந்தது. கொஞ்சமேனும் ஈடுகொடுத்தவர் ஜெர்மனியின் சோன்யா கிராஃப். 1937இல் ஆஸ்திரியாவின் செமரிங்கில் இருவரும் தனித்து மோதினார்கள். 16 ஆட்டங்களில் மென்சிக் 9 வென்றார், கிராஃப் 2 வென்றார், 5 டிரா. தோற்றவர் கிராஃப்தான், அதுவும் பெரிய வித்தியாசத்தில். ஆனாலும் ஏழு சாம்பியன்ஷிப்களில் அத்தனை பெண்களும் சேர்ந்து மென்சிக்கிடமிருந்து பறித்ததைவிட ஒரு டிரா கூடுதலாக அவர் ஒருவரே பறித்துவிட்டார்.

1944 ஜூனில் லண்டன் வீட்டின்மேல் ஜெர்மானியப் பறக்கும் குண்டு விழுந்து, தாயோடும் தங்கையோடும் மென்சிக் இறந்தபோது அவர் பட்டம் இழக்காத சாம்பியன்.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 1897இல் லண்டனில் இருபது பெண்கள் கலந்துகொண்ட சர்வதேசப் போட்டி நடந்தது. பெண்களுக்கென்று அந்த அளவில் நடந்த முதல் போட்டி அது. 55 வயதான மேரி ரட்ஜ் வென்றார். 19 ஆட்டங்களில் 18 வெற்றி, ஒரு டிரா. பதினெட்டரைப் புள்ளி. அந்தப் பட்டியலில் முழு எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அரை, அச்சுப்பிழை போலத்தான் கண்ணில் படும். அந்த ஒரு நாள், ஒரு மேசையில், யாரோ ஒரு பெண் ரட்ஜை நிறுத்திவைத்திருக்கிறார்.

அந்த அரைப் புள்ளியே அப்போது புதிதுதான். 1851இல் லண்டனில் நடந்த முதல் பெரிய சர்வதேசப் போட்டியில் டிரா கணக்கில் சேராது. மறுபடியும் காய்களை அடுக்கி ஆட வேண்டும். 1867இல் பாரிஸில் இன்னும் கறாராக இருந்தார்கள்: டிரா செய்தால் இருவருக்கும் பூஜ்யம். அதே 1867இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் நடந்த போட்டியில்தான் ஆளுக்கு அரைப் புள்ளி என்று வைத்துப் பார்த்தார்கள். அதுவே நின்றுவிட்டது. ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர்த்தவும் இடமில்லை என்ற ஸ்டேல்மேட் நிலைக்கு இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வினோதமான தீர்ப்பு இருந்தது. எதிரியை அப்படி முடக்கியவரே தோற்றவர். நெருக்கியடித்தும் முடிக்கத் தெரியாதவனுக்குத் தண்டனை போலும். இன்றைய விதியில் அதுவும் டிராதான், அரைப் புள்ளிதான்.

டிராவில் பல ரகம் உண்டு. ஒரே நிலை மூன்று முறை பலகையில் வந்தால் கேட்டுப் பெறலாம். ஐம்பது நகர்த்தல்கள்வரை சிப்பாய் அசையவில்லை, எந்தக் காயும் வெட்டுப்படவில்லை என்றாலும் கேட்கலாம். இரண்டு ராஜாக்கள் மட்டும் எஞ்சினால் யாரும் கேட்கவே வேண்டாம். இவற்றோடு, பேசி முடித்துக்கொள்வதும் இருக்கிறது. அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் காயை நகர்த்த வேண்டும், பிறகு டிரா கேட்க வேண்டும், அதன்பின் கடிகாரத்தை அழுத்த வேண்டும். கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. எதிராளி வாயால் மறுக்கலாம். ஒன்றும் சொல்லாமல் ஒரு காயை எடுத்து நகர்த்தினாலே மறுத்ததாக அர்த்தம். அந்தச் சில நிமிடங்களில் இருவர் தலைக்குள்ளும் ஓடுவது பலகையில் இருப்பது மட்டுமல்ல. அவருக்கு என்ன தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாதது எது, ஏன் இப்போது கேட்கிறார்?

செஸ் உலகில் டிராவுக்குக் கெட்ட பெயர் உண்டு. 1984 முதல் 1985 வரை மாஸ்கோவில் கார்ப்போவும் காஸ்பரோவும் 48 ஆட்டங்கள் ஆடி, அதில் 40 டிராவாகி, கடைசியில் முடிவே இல்லாமல் நிறுத்தப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். 2018இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 கிளாசிக்கல் ஆட்டங்களும் டிரா. 2005இல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில், பேசி முடித்துக்கொள்ளும் டிராவே கூடாது என்று விதி வைத்தார்கள். அது பல போட்டிகளுக்குப் பரவியது. பார்வையாளர்களுக்கு ரத்தம் வேண்டும், விளம்பரம் கொடுப்பவர்களுக்குப் பார்வையாளர்கள் வேண்டும்.

இந்த இடத்தில் பெண்கள் செஸ்ஸை ஒரு தினுசாகப் பாராட்டுவார்கள். பெண்கள் ஆட்டத்தில் டிரா குறைவு, சண்டை அதிகம், பார்க்க விறுவிறுப்பு என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிரா குறைவாக இருப்பதற்கு வீரம் மட்டுமா காரணம்? ஒருவர் மிக உயரத்திலும் மற்றவர் கீழேயும் இருக்கும்போதும் டிரா குறையும். மென்சிக்கின் 83 ஆட்டங்கள் சாட்சி. அந்தப் பாராட்டுக்குள் இப்படி ஒரு முள் இருப்பதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

முள் எப்போது மழுங்கத் தொடங்கியது என்று தேடினால் ஜார்ஜியாவில் போய் நிற்க வேண்டும்.

நோனா கப்ரிந்தாஷ்விலி 1962இல் மாஸ்கோவில் எலிசவேத்தா பிகோவாவை எதிர்த்து உலகப் பட்டத்துக்கு ஆடினார். வயது 21. 11 ஆட்டங்களில் 7 வெற்றி, 4 டிரா, 9–2. ஒரு ஆட்டத்தைக்கூட இழக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் பட்டத்தைக் கையில் வைத்திருந்தார். சோவியத் அரசு செஸ்ஸுக்குப் பணத்தைக் கொட்டிய காலம். ஜார்ஜியாவில் அந்தப் பணத்தோடு ஒரு ஆசிரியரும் வாய்த்தார். நோனாவை உருவாக்கிய வாக்தாங் கார்செலாட்ஸேதான் நானா அலெக்ஸாண்ட்ரியா என்ற சிறுமிக்கும் பயிற்சி கொடுத்தார். 1975இல் நானா வளர்ந்து, நோனாவுக்கு எதிரே பட்டத்துக்கான மேசையில் உட்கார்ந்தார். இருவரும் ஜார்ஜியர்கள், ஒரே ஆசிரியர். டிராக்கள் குவியும் என்று யாரும் நினைத்திருக்கலாம். 12 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் டிரா. நோனா 8, நானா 3. இது இந்தக் கட்டுரையின் கணக்குக்கு அவ்வளவு ஒத்துவராத ஒன்று; நானா மூன்று முறை சாம்பியனைச் சாய்த்திருக்கிறார், சமாதானத்துக்கு மட்டும் இருவரும் தயாராக இல்லை. தெரிந்தவர்களோடு ஆடும்போது சில சமயம் கை இன்னும் முரடாகிவிடும் போலும்.

1978இல் பிட்சுண்டாவில் நோனாவின் எதிரே வந்தவர் குத்தாய்சியைச் சேர்ந்த மாயா சிபுர்தானிட்ஸே. வயது 17. 15 ஆட்டங்கள், மாயா 4 வென்றார், நோனா 2 வென்றார், 9 டிரா. பதினாறு ஆண்டுச் சாம்பியனைப் பள்ளி வயதுப் பெண் வீழ்த்தியது பெரிய செய்திதான். ஆனால் 15இல் 9 என்ற விகிதமும் செய்திதான். மென்சிக்கின் 83இல் 4 எங்கே, இது எங்கே. அந்த ஆண்டுதான் சர்வதேச செஸ் சம்மேளனம் நோனாவுக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. ஆண்களுக்கு இருந்த அதே பட்டம். அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

பிறகு 1981. மினரல் வாட்டருக்குப் பேர்போன போர்ஜோமியிலும் தலைநகர் திபிலிசியிலும், சாம்பியன் மாயாவும் அறைகூவலாளர் நானாவும் 16 ஆட்டங்கள் ஆடினார்கள். மாயா 4 வெற்றி. நானா 4 வெற்றி. 8 டிரா. மொத்தம் 8–8.

ஒரு ஆட்டம் டிராவாவது சாதாரணம். ஒரு முழு உலகச் சாம்பியன்ஷிப்பே டிராவானால் என்ன செய்வது? அன்றைய விதி எளிமையானது: சமனாக முடிந்தால் பட்டம் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கே. ஆண்களிலும் அதுதான் வழக்கம். 1951இல் போட்வின்னிக் 12–12 என்ற சமனில் பிரான்ஸ்டைனிடமிருந்து பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டதும் இதே விதியால்தான். பட்டியலில் இருவரும் சமம். ஆனால் மாயா இன்னும் பத்தாண்டுகள் சாம்பியனாக இருந்தார். நானா அலெக்ஸாண்ட்ரியா உலகச் சாம்பியன் ஆகவே இல்லை. ஐந்தாண்டுகள் கழித்து அவர் சர்வதேச சம்மேளனத்தின் பெண்கள் குழுவுக்குத் தலைவரானார்; பெண்களுக்கு இன்னும் பல போட்டிகள், இன்னும் நல்ல பரிசுப்பணம் என்று பேசும் பொறுப்பு அது. தோற்காமல் பட்டத்தைத் தவறவிட்ட ஒருவர் அங்கே இருந்தது பொருத்தம் என்றே படுகிறது.

இன்று அந்த விதி இல்லை. 2020 ஜனவரியில் ஷாங்காயிலும் விளாடிவாஸ்டாக்கிலும் சாம்பியன் ஜூ வென்ஜுனும் ரஷ்யாவின் அலெக்சாண்ட்ரா கோர்யாச்கினாவும் ஆளுக்கு 3 வெற்றி, 6 டிரா என 6–6இல் நின்றார்கள். உடனே வேக ஆட்டங்கள் நடத்தி முடிவு கண்டார்கள். இரண்டரைக்கு ஒன்றரை என ஜூ வென்றார். பழைய விதி இருந்திருந்தாலும் பட்டம் ஜூவிடம்தான் இருந்திருக்கும். இத்தனை கடிகாரங்களை வைத்து ஓடவிட்டு வந்து சேர்ந்த இடம் அதே இடம். 2023இல் அதே ஜூ, லெய் டிங்ஜியோடு ஆடிய 12 ஆட்டங்களில் 9 டிரா. கடைசி ஆட்டம் தொடங்கும்போது இருவரும் ஐந்தரை–ஐந்தரை. அந்தக் கடைசி ஆட்டத்தை ஜூ வென்றார்.

எல்லா டிராவும் சமபலத்தைத்தான் காட்டும் என்று சொல்லிவிடவும் முடியாது. 2011 நவம்பரில் அல்பேனியத் தலைநகர் திரானாவில் ஹூ யிஃபானும் கோனேரு ஹம்பியும் ஆடிய பட்டப்போட்டியில் 8 ஆட்டங்களில் 5 டிரா. பார்த்தால் நெருக்கமான போட்டி போலத் தெரியும். ஆனால் மற்ற மூன்றையும் வென்றவர் ஹூ. ஹம்பிக்கு ஒரு வெற்றிகூட இல்லை. பத்து ஆட்டங்களுக்கு வைத்த போட்டி எட்டிலேயே முடிந்துவிட்டது. அந்த ஐந்து டிராக்கள் ஹம்பி தாக்குப்பிடித்த நாட்கள், அவ்வளவுதான். டிராவை வைத்து வரலாறு எழுதும்போது யார் பட்டத்தோடு எழுந்து போனார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஹம்பியின் வாழ்க்கையில் டிரா இன்னொரு வேஷமும் போட்டிருக்கிறது. 2002இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் அவர். அன்று உலகிலேயே அந்தப் பட்டத்தை அவ்வளவு சிறு வயதில் பெற்ற பெண். 2016க்குப் பிறகு இரண்டாண்டுகள் ஆட்டத்திலிருந்து ஒதுங்கியிருந்தார்; இடையில் மகள் பிறந்தாள். 2019 டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த பெண்கள் உலக ரேபிட் சாம்பியன்ஷிப்பில் அவரும் லெய் டிங்ஜியும் முதலிடத்தில் சமன். டைபிரேக்கில் ஆளுக்கொரு வெற்றி. இனி ‘ஆர்மகெடான்’. இந்த ஆட்டத்தில் வெள்ளைக்கு நேரம் அதிகம். அதற்கு ஈடாக, டிரா ஆனால் கறுப்புக்கு வெற்றி. ஹம்பிக்குக் கறுப்புக் காய்கள். ஆட்டம் டிரா ஆனது. ஹம்பி உலகச் சாம்பியன் ஆனார்.

நானாவிடமிருந்து பட்டத்தை விலக்கிவைத்த டிரா, ஹம்பிக்குப் பட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டிலும் முடிவு ஒன்றே: யாரும் யாரையும் வீழ்த்தவில்லை.

ஆர்மகெடானை இப்போது நிரந்தர ஏற்பாடாகவே சிலர் வைத்துவிட்டார்கள். நார்வே செஸ் போட்டியில் 2024 முதல் பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு, பரிசுப்பணம் ஆண்களுக்கு நிகராக. ஹம்பியும் சென்னையின் வைஷாலியும் ஆடியிருக்கிறார்கள். அங்கே கிளாசிக்கல் ஆட்டத்தை வென்றால் 3 புள்ளி. டிரா ஆனால் எழுந்து போக முடியாது; கொஞ்ச நேரத்தில் அதே இருவர் மறுபடியும் உட்கார வேண்டும், வெள்ளைக்குப் பத்து நிமிடம், கறுப்புக்கு ஏழு. அதில் வென்றவருக்கு ஒன்றரை, மற்றவருக்கு ஒன்று. நான்கைந்து மணி நேரம் இருவரும் கட்டி எழுப்பிய சமன் கால் மணி நேரத்தில் காலி. விளையாட்டை நடத்துபவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் ஒரு நல்ல டிராவைப் பார்த்து முடித்த கையோடு இந்த அவசரத்தைப் பார்ப்பது, கச்சேரியில் விஸ்தாரமான ஆலாபனை முடிந்ததும் பாடகரை எழுப்பி ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது போல இருக்கிறது. பெண்களுக்கு இணையான பணம் வந்ததே என்ற மகிழ்ச்சியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

2025 ஜூலையில் மறுபடியும் ஜார்ஜியா. கருங்கடல் ஓரத்துப் பாத்துமியில் பெண்கள் உலகக் கோப்பை. 107 பேர் ஆடிய நாக்அவுட். கால் இறுதிக்கு நான்கு இந்தியர்கள் வந்தார்கள்: ஹம்பி, ஹாரிகா, வைஷாலி, நாக்பூரின் திவ்யா தேஷ்முக். வைஷாலியை டான் சோங்யி வெளியேற்றினார். அந்த டானை அரையிறுதியில் திவ்யா வென்றார். இறுதியில் 38 வயது ஹம்பியும் 19 வயது திவ்யாவும். ஹம்பி கிராண்ட்மாஸ்டர் ஆகி மூன்றாண்டுகள் கழித்துப் பிறந்தவர் திவ்யா. அப்போது அவர் இன்னும் கிராண்ட்மாஸ்டர் ஆகியிருக்கவில்லை. அதற்குத் தேவையான ‘நார்ம்’ என்ற தகுதி ஒன்றுகூட அவர் கையில் இல்லை.

முதல் ஆட்டத்தில் திவ்யாவுக்கு வெள்ளை. தொடக்கத்திலேயே நல்ல பிடி கிடைத்தது. அதை இறுக்கத் தவறினார். ஹம்பி மெல்ல மெல்ல நழுவி வெளியே வந்தார். 41 நகர்த்தல்களில் டிரா. மறுநாள் ஹம்பிக்கு வெள்ளை; 34 நகர்த்தல்களில் டிரா. முதல் நாள் டிராவைத் திவ்யா எப்படி எடுத்துக்கொண்டு அறைக்குப் போயிருப்பார், ஹம்பி எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? புள்ளிப் பட்டியலில் இருவருக்கும் அதே அரைதான். கைக்கு வந்ததை விட்டவருக்கு அது பாதி இழப்பு. விழுந்தோம் என்று நினைத்து எழுந்தவருக்கு முழு லாபம்.

மூன்றாம் நாள் ரேபிட். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து நொடி கூடுதல். முதல் ரேபிட்டும் டிரா. தொடர்ந்து மூன்று ஆட்டங்கள், ஒரு தலைமுறை இடைவெளியில் உள்ள இரண்டு இந்தியப் பெண்களுக்கிடையே முடிவு தெரியவில்லை. நான்காவதில் ஹம்பிக்கு வெள்ளை. நேரம் கரையக் கரைய அவர் தவறினார். கறுப்போடு திவ்யா வென்றார். கோப்பையோடு கிராண்ட்மாஸ்டர் பட்டமும் நேரடியாக வந்தது: இந்தியாவின் 88ஆவது கிராண்ட்மாஸ்டர், பெண்களில் நான்காமவர். தாயைக் கட்டிக்கொண்டு அவர் அழுத படம்தான் மறுநாள் எல்லா இடத்திலும் இருந்தது. நியாயம்தான். ஆனால் இந்தியப் பெண்கள் செஸ்ஸைப் பற்றி அதிகம் சொன்னது அந்தப் படத்துக்கு முந்தைய மூன்று டிராக்கள். இருபது ஆண்டுகளாக ஹம்பி என்ற பெயரை ஒட்டியே பேசப்பட்ட ஆட்டத்தில், உள்ளூரிலேயே அவரை நிறுத்திவைக்க ஒருவர் வந்துவிட்டார்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு டிரா கசந்த நாளும் ஒன்று உண்டு. 2022 ஆகஸ்ட் 9, மாமல்லபுரம், ஒலிம்பியாடின் கடைசிச் சுற்று. இந்தியப் பெண்கள் அணி முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவை வென்றால் தங்கம். இந்த அணியில் ஹாரிகா ஒன்பது மாதக் கர்ப்பிணியாக ஆடினார், பெரும்பாலும் டிராக்கள். அந்த உடம்போடு மணிக்கணக்கில் உட்கார்ந்து தோற்காமல் எழுவதே ஒரு வேலை. கடைசிச் சுற்றில் அவர் ஆடவில்லை. முதல் பலகையில் ஹம்பி டிரா. வைஷாலி, முன்னாள் அமெரிக்கப் பெண்கள் சாம்பியன் இரினா கிரஷ்ஷோடு டிரா. தானியா சச்தேவும் பக்தி குல்கர்னியும் தோற்றார்கள். 1–3. தங்கம் உக்ரைனுக்கு, வெள்ளி ஜார்ஜியாவுக்கு, இந்தியாவுக்கு வெண்கலம். ஒலிம்பியாடில் இந்தியப் பெண்களுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. ஆனாலும் அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு அதைக் கொண்டாட மனம் வரவில்லை. அணிப் போட்டியில் டிராவின் குணமே வேறு. பக்கத்துப் பலகையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து அது காப்பாற்றும், அல்லது கைவிடும். டிரா கேட்கலாம், வந்தால் ஏற்கலாம் என்று கேப்டன் சொல்ல விதி அனுமதிக்கிறது. பலகையில் உள்ள நிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. இரண்டு தோல்விகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த இரண்டு டிராக்களால் அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை.

வைஷாலிக்கு 2025இன் பிற்பகுதி வேறு மாதிரி ஆனது. ஆகஸ்டில் சொந்த ஊரில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவில் ஆடினார். தொடர்ச்சியாக ஏழு ஆட்டங்களில் தோற்றார். நடுவில் ஒரு டிரா கிடைத்திருந்தால்கூட மூச்சு விட்டிருக்கலாம், கிடைக்கவில்லை. அடுத்த மாதம் சாமர்கண்டில் நடக்கவிருந்த கிராண்ட் சுவிஸ் போட்டிக்குப் போக வேண்டாம் என்றுகூட யோசித்ததாக அவரே பின்னர் சொன்னார். கூட இருந்தவர்கள் பேசி அனுப்பிவைத்தார்கள். பதினொரு சுற்றுகள். கடைசிச் சுற்றில் எதிரே உட்கார்ந்தவர் முன்னாள் உலகச் சாம்பியன் டான் சோங்யி. இரண்டு மாதங்களுக்கு முன் பாத்துமியில் வைஷாலியை வீட்டுக்கு அனுப்பியவர். இந்த முறை டிரா. வைஷாலிக்கு 8 புள்ளி, காட்டெரினா லாக்னோவுக்கும் 8. டைபிரேக்கில் வைஷாலி முதலிடம். பெண்கள் கிராண்ட் சுவிஸ்ஸை அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற முதல் ஆளாகவும், உலகப் பட்டத்துக்கான அறைகூவலாளரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றவராகவும் அவர் சாமர்கண்டிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறினார்.